மலைக்கென்று ஒரு முதல்

சேர்வராயன் மலையின் உச்சியிலே, தலையைத் தாழ்த்தி நுழைய வேண்டிய ஒரு குகைக்குள் சேர்வராயனும் காவேரியம்மனும் கோயில் கொண்டிருக்க, மலையாளிகள் என்று வழங்கும் மலைவாழ் குடியினர் ஆண்டுதோறும் மே மாதத்தில் அவர்களுக்கு விழா எடுக்கும் அந்த இடத்துக்கு எதிரே, கடல் மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 5,300 அடி உயரத்தில், பயிரும் கட்டடமும் இல்லாத பெரும் புல்வெளி ஒன்று திறந்து கிடக்கிறது. மண் செங்கல் நிறத்தது. மழைக்காலத்தில் காலில் ஒட்டினால் வேட்டியின் கரைவரை சிவப்பேறிவிடும். அந்தச் செம்மண்ணும் அதன் அடியிலுள்ள பாக்சைட் படிவும் மழைநீரை உள்ளே வாங்கிக்கொண்டு, மலையின் மடிப்புகளில் ஊற்றுகளாகவும் ஓடைகளாகவும் சிறிது சிறிதாக வெளிவிடுகின்றன. அந்த நீர்தான் ஒருபுறம் திருமணிமுத்தாறாகச் சேலம் நகரத்தின் நடுவே செல்வதும், மற்றொருபுறம் சரபங்கா நதியாக ஓமலூர்ச் சீமையை நனைப்பதும். இவ்வளவு உபகாரம் செய்யும் அந்த வெளிக்கு வருவாய்க் கணக்கில் ஒரு காசு மதிப்புக்கூடக் கிடையாது. விளைச்சல் இல்லாத நிலத்தைத் தரிசு என்று எழுதிவைப்பது கணக்கர்களின் நெடுங்கால வழக்கம். தரிசு என்று எழுதப்பட்டதை ஏதேனும் ஒரு பிரயோஜனத்துக்குக் கொடுத்துவிடலாம் என்பது அதையொட்டி வந்த எண்ணம்.

இத்தகைய வெளிகளைக் காக்க வேண்டுமென்று ஆசைப்படாதவர் இல்லை. ஆனால், காப்பதற்குக் காவலர் வேண்டும், வேலி வேண்டும், உண்ணிச்செடியைப் பிடுங்க ஆள் வேண்டும், தனியார் விற்க முன்வரும் காட்டை வாங்கப் பொருள் வேண்டும். சாலையும் மருத்துவமனையும் உத்தியோகஸ்தர் சம்பளமும் ஆண்டுதோறும் வரவுசெலவுத் திட்டத்தின் வாசலில் வந்து நின்று தத்தம் பங்கைக் கேட்டு வாங்கிச் செல்கின்றன. புல்வெளிக்கும் ஊற்றுக்கும் கேட்கும் வாய் இல்லை. ஆகவே அவற்றுக்கென்று ஒரு பொருளைத் தனியே ஒதுக்கி, வேறு எந்த அவசரத்துக்கும் அதை எடுக்கலாகாது என்று கட்டுப்பாடு செய்துவைத்தாலன்றி அவை நிலைத்திரா என்பது என் உறுதியான அபிப்பிராயம். ஏற்காட்டு மலையின் இருநூறு ஆண்டுச் சரித்திரத்தை அந்தக் கண்கொண்டே பார்க்க விரும்புகிறேன்.

இந்த ஏற்பாடு நம் நாட்டுக்குப் புதியதன்று. உத்திரமேரூர்ச் சபையார் முதற் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919-இலும் 921-இலும் கல்லில் வெட்டிவைத்த தீர்மானங்களில் ஏரி வாரியம், தோட்ட வாரியம், பொன் வாரியம் என்று காரியத்துக்கொரு வாரியம் காணப்படுகிறது. ஏரியில் ஆண்டுதோறும் வண்டலை வாருவதற்கென்று ஒருவர் பொன்னைச் சபையாரிடம் முதலாக வைக்க, முதலைத் தொடாமல் பலிசை எனப்படும் வட்டியைக் கொண்டு சபையார் அந்த வேலையைச் செய்துவருவதாக ஒப்புக்கொண்ட சாசனங்கள் சோழ நாட்டிலும் தொண்டை நாட்டிலும் பல. ஏரியின் பராமரிப்புக்கே விளைவு செல்ல வேண்டுமென்று விட்ட நிலம் ஏரிப்பட்டி எனப் பெயர் பெற்றது. இவற்றையெல்லாம்விட எனக்கு விசேஷமாகத் தோன்றுவது உத்திரமேரூர்த் தீர்மானத்தில் உள்ள ஒரு விலக்கு: முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவனும் அவனுடைய நெருங்கிய உறவினரும் உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் குடவோலையில் பெயர் எழுதப்படத் தகுதியற்றவர்கள். பொருளைத் தனியே வைப்பதோடு, அதற்குக் கணக்குக் கேட்பதும் சேர்ந்தே அந்த ஏற்பாடு முழுமை பெற்றது. பின்வரும் காலங்களில் இந்த இரண்டில் ஒன்றை மாத்திரம் கைக்கொண்டு மற்றொன்றை மறந்த இடங்களிலெல்லாம் காரியம் கெட்டிருக்கிறது.

1792-ஆம் ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி பாராமகாலும் சேலமும் கிழக்கிந்தியக் கும்பினியின் கைக்கு வந்தன. அலெக்சாந்தர் ரீடும் அவருக்குத் துணையாயிருந்த தாமஸ் மன்றோவும் இங்கேதான் நிலத்தை அளந்து, குடியானவனோடு நேரே தீர்வை பேசும் ரயத்துவாரி முறைக்கு வித்திட்டார்கள். அளவும் தீர்வையும் ஒழுங்குபட்டன என்பது மெய். ஆனால் ஏரிக்கென்றும் மதகுக்கென்றும் ஊரார் தமக்குள் வைத்திருந்த பல மானியங்கள் அந்தப் புதிய ஒழுங்கில் பொது வருவாயோடு கலந்துபோயின. கலந்த பொருள் திரும்ப ஏரிக்கு வருவதற்குச் சென்னை வரையில் எழுதிக் கேட்க வேண்டியதாயிற்று. ஊரார் தாமாக முன்வந்து செய்துவந்த குடிமராமத்தை, 1858-இல் ஒரு சட்டம் இயற்றிக் கட்டாயத்தால் செய்விக்க முயலும் நிலை வந்ததென்றால், இடையில் எவ்வளவு நலிவு நேர்ந்திருக்க வேண்டும் என்பதை வாசகர் ஊகிக்கலாம்.

மலையின் கதை அதைவிட விரைவானது. 1820 முதல் 1829 வரையில் சேலத்தில் ஆட்சியராயிருந்த எம். டி. காக்பர்ன் துரை, காப்பிச் செடியையும் பேரி முதலிய கனி மரங்களையும் ஏற்காட்டு மலைக்குக் கொணர்ந்தார். அவருக்குப் பின் ஐரோப்பியத் தோட்டக்காரர்கள் ஒருவர்பின் ஒருவராக வந்து, சோலைகளைத் திருத்திக் காப்பி பயிரிட்டார்கள். காப்பி நிழலில் வளரும் பயிராதலால், நீலகிரியில் தேயிலை செய்ததுபோல அது மலையை முற்றிலும் மொட்டையடிக்கவில்லை என்பதை நன்றியோடு குறிக்க வேண்டும். இன்றும் சில்வர் ஓக் மரத்தைத் தழுவி மிளகுக் கொடி ஏற, அதன் கீழே காப்பி காய்க்கும் தோட்டங்களினூடே காட்டுமாடுகள் நடமாடுகின்றன. ஆயினும் பள்ளத்தாக்குகளின் பழைய சோலைகளும் மலையாளிகள் ஆடுமாடு மேய்த்த பொதுவெளிகளும் சுருங்கின. அவற்றை விற்றும் குத்தகைக்கு விட்டும் வந்த பொருள் கஜானாவுக்குப் போயிற்று. மலைக்குத் திரும்பியது சாலை ஒன்றே; அதுவும் காப்பி மூட்டையை இறக்குவதற்கு வேண்டியிருந்தது.

இச்சமயத்தில் சென்னை மாகாணத்தில் ஒரு நல்ல முயற்சி தோன்றி மறைந்ததைப் பலர் அறியார். 1856-இல் ஹியூ கிளெக்கார்ன் காட்டிலாகாவின் தலைவராக நியமிக்கப்பட்டு, பெரிய காடுகளைக் கவனிக்கத் தொடங்கினார். 1860-களின் தொடக்கத்தில் சேலத்தின் வழியாக ரயில் பாதை போடப்பட்டபோது தண்டவாளக் கட்டைக்கு மரமும் என்ஜினின் எரிபொருளுக்கு விறகும் வேண்டி, பாதையின் இருமருங்கும் இருந்த சிறு காடுகள் வெட்டுண்டன. அச்சிறு காடுகளைக் காக்கும் பொறுப்பு காட்டிலாகாவிடம் இல்லாமல் மாவட்ட ஆட்சியரிடம் இருந்தது. விறகுக்கும் கரிக்கும் வாங்கிய கட்டணத்தைக் கொண்டு 'ஜங்கிள் கன்சர்வன்சி நிதி' என ஒரு தனி நிதி அமைத்து, அதிலிருந்து தோப்புகள் வைக்கவும் காவல் போடவும் வழிசெய்திருந்தார்கள். காட்டிலிருந்து வந்தது காட்டுக்கே செல்லும் ஏற்பாடு அது. இந்தியக் காட்டிலாகாவின் தலைமை அதிகாரியான பிராண்டிஸ் வந்து ஆராய்ந்து கூறிய யோசனைகளோடு 1882-இல் சென்னைக் காட்டுச் சட்டம் பிறந்த காலத்தில் இரு நிர்வாகங்களும் ஒன்றாக்கப்பட்டன. நிர்வாகம் ஒழுங்காயிற்று, ஒதுக்கக் காடுகளுக்கு எல்லைக்கல் நடப்பட்டது, ஆனால் அதுமுதல் காடு என்பது அரசாங்கத்துக்கு லாபம் காட்ட வேண்டிய ஓர் இலாகாவாக ஆகிவிட்டது. ஒரு தனி நிதியைக் காப்பதற்கு ஆளின்றிப் போனால் அது எவ்வளவு ஓசையின்றிப் பொது வருவாயில் கரையும் என்பதற்கு இதைவிடத் தெளிவான திருஷ்டாந்தம் நம் மாகாணத்தில் இல்லை.

சுதந்திரத்துக்குப் பின் சட்டங்களுக்குக் குறைவில்லை. 1949-இல் தனியார் காடுகளைப் பாதுகாக்கும் சட்டமும், 1955-இல் மலைப் பிரதேச மரங்களைப் பாதுகாக்கும் சட்டமும் வந்தன. 1990-இல் மலைப்பகுதிப் பாதுகாப்புக்கென ஓர் ஆணையமும் ஏற்பட்டது. இவை யாவும் இன்னது செய்யாதே என்று தடுப்பன. இன்னது செய்வதற்கு இதோ பொருள் என்று கொடுப்பன அல்ல. கொடுக்கும் திட்டம் ஒன்று ஐந்தாம் ஐந்தாண்டுத் திட்ட காலத்தில் வந்தது. மலைப் பிரதேச அபிவிருத்தித் திட்டம் என்னும் அதில் நீலகிரி மாவட்டம் முழுவதும் சேர்க்கப்பட்டது. மேற்குத் தொடர்ச்சி மலை வட்டங்களுக்கும் அதுபோன்றே ஒரு திட்டம் கிடைத்தது. நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு மத்திய சர்க்காரின் மானியமாக வந்தது. சேர்வராயன் மலையோ கிழக்குத் தொடர்ச்சியைச் சேர்ந்தது. கொல்லிமலை, பச்சைமலை, சவ்வாது மலை ஆகியவற்றோடு அதுவும் அந்தப் பந்திக்கு வெளியே நின்றது. மலைக்கும் மலைக்கும் இப்படி வேற்றுமை பாராட்டியதற்கு நியாயம் யாதென்று எனக்கு இன்றளவும் விளங்கவில்லை.

அதே காலத்தில்தான் மலையின் தலையிலேயே கைவைக்கப்பட்டது. மேட்டூரில் 1965 முதல் இயங்கிய அலுமினிய ஆலைக்கு ஏற்காட்டிலும் கொல்லிமலையிலும் பாக்சைட் தோண்டப்பட்டது. பாக்சைட் படிவு மலையின் உச்சியில் தொப்பியைப்போலக் கவிந்திருப்பதாகையால், அதை எடுப்பதென்றால் மேற்பரப்பையும் அதன் புல்லையும் சேர்த்தே எடுக்க வேண்டும். 2008-ஆம் ஆண்டோடு அந்த வேலை நின்றது. எடுத்த டன்னுக்கு உரிமைத்தொகை கட்டப்பட்டது. அத்தொகை மாநிலக் கஜானாவில் மற்ற வருவாயோடு ஒன்றாயிற்று. சுரங்கத்தால் பாதிக்கப்பட்ட ஊர்களுக்கென்று மாவட்டக் கனிம அறக்கட்டளை என்னும் தனி நிதி ஏற்படுத்தும் சட்டத் திருத்தம் 2015-இல்தான் வந்தது. நடப்புச் சுரங்கங்கள் கட்டும் தொகையில் ஒரு பங்கே அந்நிதிக்கு ஊற்று. ஆகவே அதற்கு ஏழாண்டுகளுக்கு முன்பே நின்றுபோன சுரங்கத்தின் பள்ளங்கள் தம் பேரில் ஒரு பைசாவும் கொண்டுவர முடியாதவை. சேலத்தில் மாக்னசைட் முதலிய கனிமங்கள் இன்றும் எடுக்கப்படுவதால் மாவட்டத்தின் நிதியில் பணம் இல்லாமலில்லை. அதில் ஒரு பங்கு இந்தப் பழைய பள்ளங்களை மூடிப் புல் பிடிக்கச் செய்வதற்குச் சேர வேண்டும் என்று கேட்பது நியாயமென்றே கருதுகிறேன்.

இனி, தனி நிதியைப் பற்றிய பெரிய வழக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். அதுவும் தமிழ்நாட்டு மலையிலிருந்தே எழுந்தது. நிலம்பூர்க் கோவிலகத்தைச் சேர்ந்த டி. என். கோதவர்மன் திருமுல்பாடு, தம் குடும்பத்துக்கு முன்னர் உரியவாயிருந்த கூடலூர்க் காடுகள் வெட்டப்படுவதைக் கண்டு பொறாமல் 1995-இல் உச்ச நீதிமன்றத்தை நாடினார். 1996 டிசம்பர் 12-இல் அந்நீதிமன்றம், யாருடைய நிலமாயினும் அகராதிப் பொருளில் காடு எனப்படுவது அனைத்துக்கும் 1980-ஆம் ஆண்டின் வனப் பாதுகாப்புச் சட்டம் பொருந்தும் என்று கட்டளையிட்டது. அத்தோடு நில்லாமல், சுரங்கத்துக்கும் அணைக்கும் சாலைக்கும் காட்டைப் பெறுவோர் மாற்றுக் காடு வளர்க்கும் செலவையும், இழந்த காடு பல தலைமுறைகளுக்குத் தந்திருக்கக்கூடிய பயன்களின் நிகர மதிப்பையும் கட்ட வேண்டும் என்று 2002 அக்டோபரில் விதித்தது. ஹெக்டேருக்கு 5.80 லட்சம் முதல் 9.20 லட்சம் ரூபாய் வரை என்று இருந்த அந்த விகிதம், 2008-இல் 4.38 லட்சம் முதல் 10.43 லட்சம் வரை எனக் காட்டின் தரத்துக்கேற்பத் திருத்தப்பட்டது.

அந்தப் பணம் எங்கே இருப்பது என்பதில்தான் விவாதம் மூண்டது. காடு மாநிலத்தின் உடைமை, அதன்பேரில் வரும் தொகை அரசியல் சாசனத்தின் 266-ஆம் பிரிவின்படி மாநிலத்தின் தொகுப்பு நிதியில் சேர வேண்டும் என்று கேரள அரசு வாதித்தது. அந்த வாதத்தை இலேசாகத் தள்ளுவதற்கில்லை: மக்கள் தேர்ந்தெடுத்த சட்டமன்றத்துக்குத் தெரியாமல் பொதுப்பணம் ஓரிடத்தில் குவிவது ஜனநாயகத்துக்கு ஏற்றதன்று. ஆனால் 2005 செப்டம்பர் 26-இல் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. இயற்கை வளம் ஒரு மாநிலத்தின் தனிச் சொத்தாகாது. இழந்த காட்டுக்கு ஈடாக வந்த பொருள் சாமானிய வருவாயாகாது. அது தனியே இருக்க வேண்டும் என்பது தீர்ப்பின் சாரம். ஏரிக்கு வைத்த பொன்னை வேறு காரியத்துக்கு எடுக்கலாகாது என்று கருதிய சபையாரின் மனநிலை, பதினொரு நூற்றாண்டுக்குப் பின் தில்லியில் ஒரு நீதிமன்றத்தின் வாயிலாகப் பேசியது என்றே அதை நான் படித்தேன்.

அவ்வாறு பூட்டிவைத்த பொருள் பின்னர் என்னவாயிற்று என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இந்தியக் கணக்குத் தணிக்கைத் தலைவர் 2013-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2006 முதல் 2012 வரையில் அந்த நிதி 1,200 கோடியிலிருந்து 23,607 கோடி ரூபாயாகப் பெருகியது. மாற்றாகப் பெற வேண்டிய 1,03,381 ஹெக்டேர் நிலத்தில் 28,086 ஹெக்டேர் மாத்திரமே வந்து சேர்ந்திருந்தது. மரம் நடப்பட்டது 7,280 ஹெக்டேரில். பணம் வட்டியோடு வளர்ந்தது, காடு வளரவில்லை. பின்னர் 2016 ஜூலையில் பாராளுமன்றம் சட்டம் இயற்றி, ஆண்டு முடிந்தாலும் காலாவதியாகாத பொதுக் கணக்கில் அதை வைத்து, நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு மாநிலங்களுக்கு என்று வகுத்தது; 2019 ஆகஸ்டில் 47,436 கோடி ரூபாய் மாநிலங்களுக்குக் கொடுக்கப்பட்டது. உத்தரகண்டத்தைப் பற்றி 2025-இல் வெளியான தணிக்கை அறிக்கையோ, அந்தப் பணத்தில் ஒரு பகுதி ஐபோனும் மடிக்கணினியும் குளிர்சாதனப் பெட்டியும் வாங்கவும் கட்டடங்களைப் புதுப்பிக்கவும் போயிற்று என்று கூறியது. இதைக் காட்டித் தனி நிதியே வேண்டாம் என்பாரும் உளர். பூட்டு உண்டு, கணக்குக் கேட்பவர் இல்லை என்பதே அங்கு நேர்ந்த குறை. இரண்டாவதைச் சேர்ப்பதற்குப் பதிலாக முதலாவதையும் கழற்றிவிடலாம் என்னும் யோசனையை என்னால் ஏற்க முடியவில்லை.

பூட்டில்லாத இடத்தில் நடந்ததற்கும் சான்று இருக்கிறது. நிலக்கரியின்மேல் 2010-இல் போடப்பட்ட தூய ஆற்றல் தீர்வையாக 2017 வரை 86,000 கோடி ரூபாய்க்கு மேல் வசூலாயிற்று. அதில் உரிய தனி நிதிக்குச் சென்றது 30,000 கோடிக்கும் குறைவு. உரிய காரியத்துக்குச் செலவானது 16,000 கோடிக்கும் குறைவு. சரக்கு சேவை வரி வந்தபோது அத்தீர்வையே மாநிலங்களுக்கு ஈடு கொடுக்கும் வேறொன்றாக மாறிவிட்டது. நிதிக் கமிஷன்கள் காட்டுப் பரப்பை முன்னிட்டு மாநிலங்களுக்குப் பங்கு கொடுக்கின்றன. பதினான்காவது கமிஷன் ஏழரை விழுக்காடும், பதினைந்தாவது பத்து விழுக்காடும் அதற்கு எடை வைத்தன. காட்டைக் காட்டிப் பெறும் அந்தப் பணத்தைக் காட்டுக்கே செலவிட வேண்டும் என்ற நிபந்தனை அதில் கிடையாது. அமெரிக்க நாட்டில் கடலடி எண்ணெய் வருவாயிலிருந்து ஆண்டுக்கு 90 கோடி டாலர் வரை நிலத்துக்கும் நீருக்கும் ஒதுக்கும்படி 1964-ஆம் ஆண்டுச் சட்டம் பின்னர் திருத்தப்பட்டிருந்தும், மிகச் சில ஆண்டுகளில்தான் அது முழுமையாகக் கொடுக்கப்பட்டது. 2020-இல் மற்றொரு சட்டம் செய்து, அதை ஆண்டுதோறும் குறைக்க முடியாததாக ஆக்க வேண்டியிருந்தது. அந்நாட்டிலேயே கொலராடோவின் போல்டர் நகரத்தார் 1967-இல் தாமே வாக்களித்து, விற்பனை வரியில் ஒரு பங்கைத் திறந்தவெளி வாங்குவதற்கென்று ஏற்றுக்கொண்டார்கள். நகரத்தைச் சுற்றியுள்ள மலைச்சரிவுகள் இன்று வெளியாகவே நிற்பது அதன் பயன்.

நம் ஊர்களிலும் திறந்தவெளி ஒதுக்கீடு என ஒரு விதி இருக்கிறது. பெரிய மனைப்பிரிவு போடுவோர் பத்தில் ஒரு பங்கை உள்ளாட்சிக்குத் தானமாக எழுதித்தர வேண்டும். குறிப்பிட்ட அளவுக்கு உட்பட்ட இடமாயின் நிலத்துக்குப் பதில் அதன் வழிகாட்டி மதிப்பைப் பணமாகக் கட்டலாம். இந்த விதி செல்லும் என்று 2023 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. நிலமாகக் கொடுத்தால் அது கண்ணுக்குத் தெரியும். பணமாகக் கட்டினால் அது எந்தத் தலைப்பில் சேர்ந்து எந்தத் திறந்தவெளியாக மாறியது என்பதைக் குடிமகன் அறிய வழி வேண்டும். காப்பித் தோட்டங்கள் மனைகளாகவும் விடுதிகளாகவும் துண்டுபடும் ஏற்காட்டில் இந்தக் கேள்வி ஆண்டுக்கு ஆண்டு கனம் பெறுகிறது.

சிறு பொருளும் ஒழுங்காக ஒரே காரியத்துக்குச் செலவானால் என்ன பயன் தரும் என்பதற்கு மலையிலும் அடிவாரத்திலும் ஒவ்வொரு சாட்சி உண்டு. இந்தியத் தாவரவியல் ஆய்வகம் 1963-இல் ஏற்காட்டில் அமைத்த ஆர்க்கிட் தோட்டத்தில், உலகில் இம்மலையிலன்றி வேறெங்கும் இயற்கையாக வளராத வெர்னோனியா சேர்வராயென்சிஸ் என்னும் சிறு மரத்தை வளர்த்துப் பெருக்குகிறார்கள். சூரியகாந்திக் குடும்பத்தில் பெரும்பாலானவை பூண்டுகளும் செடிகளுமாக இருக்க, இது மரமாக நிமிர்ந்து நிற்பது. காட்டில் எஞ்சியவை மிகச் சில. அடிவாரத்தில் கன்னங்குறிச்சியை அடுத்த மூக்கனேரியை, 2010-ஐ ஒட்டிச் சேலத்துக் குடிமக்கள் தாமே பொருள் திரட்டித் தூர்வாரி, நடுநடுவே மண்திட்டு எழுப்பி மரம் வைத்தார்கள்; இப்பொழுது அத்திட்டுகளில் நீர்ப்பறவைகள் அடைகின்றன. ஆயினும் குடிமக்களின் உற்சாகத்தை நம்பியே ஒரு மலைத்தொடரை விட்டுவிட முடியாது.

மாற்றுக் காட்டு நிதிக்கான 2016-ஆம் ஆண்டுச் சட்டம் மாநிலங்களவையில் விவாதிக்கப்பட்டபோது, மலைவாழ் மக்களின் கிராம சபையைக் கேளாமல் அவர்கள் நிலத்தில் இந்தப் பணத்தைக் கொண்டு மரம் நடலாகாது என்று முன்னாள் சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் வற்புறுத்தினார். விதிகளில் அதற்கு இடம் செய்வதாக அமைச்சர் அனில் மாதவ் தவே வாக்களித்தார். 2018-இல் வந்த விதிகளில் கிராம சபையைக் கலந்துகொள்ள வேண்டுமென்னும் வாசகம் இடம்பெற்றது. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களில் நாகலூரிலும் வெள்ளக்கடையிலும் மஞ்சக்குட்டையிலும் கூடும் சபைகளில் இந்த வாசகத்துக்கு உயிர் கொடுக்கலாம். இந்த வட்டத்தில் எவ்வளவு காடு எதற்காகக் கொடுக்கப்பட்டது, அதற்கு ஈடாகக் கட்டப்பட்ட தொகை எவ்வளவு, அதில் இம்மலைக்குத் திரும்பியது எவ்வளவு, எந்தச் சரிவில் எந்த மரம் நடப்பட்டது, மூன்றாம் ஆண்டில் எத்தனை உயிரோடு நின்றன என்னும் ஐந்து கேள்விகளுக்கும் வனத்துறையின் ரேஞ்சர் நேரில் வந்து, எழுதிய கணக்கை உரக்கப் படித்து, அதன் நகலைப் பஞ்சாயத்து அலுவலகச் சுவரில் ஒட்ட வேண்டும் என்று ஒவ்வொரு சபையும் தீர்மானம் நிறைவேற்ற வேண்டும். அதற்குப் புதிய சட்டம் ஒன்றும் தேவையில்லை. அடுத்த சபையிலேயே தொடங்கலாம்.